கோச்சி நிக்காத டிவிஷன்

"என் கடைக்கு முன்னால ஸ்டேஷன் வேணாம், மிஸ்."

தங்கவேலு முதலாளி எழுந்து இப்படிச் சொன்னதும், கோயில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அதுவரைக்கும் எல்லாருடைய கண்ணும் மேசைமேல்தான் இருந்தது. ஹட்டன் நகரத்தையும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களையும் இணைக்கப்போகிற புது ரயில் சேவையின் மாதிரியை அங்கே வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டேஷன். அதைச் சுற்றி பஸ் நிற்கும் இடம், மரக்கறிச் சந்தை, கிளினிக், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மடுவம், மாடி வீடுகள். பொத்தானை அழுத்தினால் அத்தனை ஜன்னலிலும் வெளிச்சம் வந்தது.

கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு ஓடிவந்த பெண்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராக்காயி அந்தக் குட்டி ரயிலைத் தொடப் போனவள், என்னவோ நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"காலையில ஹட்டனுக்குப் போயிட்டு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிறலாமா மிஸ்?"

"தாராளமா. வேலைக்கும் படிக்கவும் போய் வர்றவங்களுக்காகவே விடுற ரயில் இது" என்றாள் நிலக்ஷி. திட்டத்தை விளக்க வந்திருந்த அதிகாரி.

"நமக்காக நிக்குமா?"

"நிக்கும்."

ராக்காயி பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற ரயில்; அவர்கள் வாயில் கோச்சி. கூவிக்கொண்டு போகும். கரி எஞ்சின் போய் டீசல் வந்தது, நீல ரயில் வந்தது, வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிப் படம் பிடித்தார்கள். தோட்டத்துச் சனத்துக்காக மட்டும் அது ஒரு நாளும் நின்றதில்லை.

அப்போதுதான் முதலாளி எழுந்து வேண்டாம் என்றார்.

கீழே ரோடுகள் சேரும் சந்தியில் இருப்பதே அவருடைய பலசரக்குக் கடை ஒன்றுதான். வாசலிலேயே ஸ்டேஷன் வருகிறது. வேண்டாம் என்கிறார்!

"அப்ப எங்க வேணும் முதலாளி?" என்று கேட்டாள் நிலக்ஷி.

"மேல் டிவிஷன்ல. தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்துக்குப் பக்கத்துல."

"அந்த எடத்தையும் பார்த்தோம். தண்டவாளத்த ஒட்டிச் சமதரையா இருக்கிறது ஒரே ஒரு மரக்கறித் தோட்டம், கரட் போட்டிருக்கு. அது தனியார் காணி. பேசி வாங்குறதுக்குள்ள வருசக்கணக்காயிரும். ரெண்டு எடத்துலயும் கட்ட எங்ககிட்ட வசதி இல்ல. அதனாலதான் சந்தியில போட்டோம்."

பின்னாலிருந்து ஜீவராஜ் எழுந்தான். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவன்.

"அந்தக் கரட் காணி இப்ப யாருதுன்னு முதலாளிகிட்டயே கேளுங்க மிஸ்."

அவன் விரல் தங்கவேலுவை நோக்கி நீண்டது.

"போன மாசம் இவருதான் வாங்கியிருக்காரு. வித்தவரே எங்கிட்ட சொன்னாரு."

"அதான பார்த்தேன்!" என்றது ஒரு குரல். "கடைக்காரப் புத்தி எங்க போகும்?" என்றது இன்னொன்று.

நிலக்ஷி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உண்மையா?"

"உண்மதான் மிஸ்."

"ஸ்டேஷன் வரப்போகுதுன்னு தெரிஞ்சுதான் வாங்கினீங்களா?"

"ஆமா மிஸ்."

யாரோ விசில் அடித்தார்கள். முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கோசலா தலையைக் குனிந்துகொண்டாள்.

நிலக்ஷிக்கு இது புதிதில்லை. வரைபடத்தில் கோடு விழுவதற்கு முன்னாலேயே காணியை வளைத்துப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். இவ்வளவு கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்கிறவரைத்தான் இப்போது முதல்முறையாகப் பார்க்கிறாள்.

"சரி. என்ன விலை எதிர்பார்க்குறீங்க?"

முதலாளி பெண்கள் பக்கம் பார்த்தார்.

"போன மழைக்கு, நம்ம வினோதாவ மேல் டிவிஷன்லேருந்து கம்பளியில கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. இடுப்பு வலி. தோட்டத்து ரோட்டுல மண் சரிஞ்சு வண்டி போகல. ஆஸ்பத்திரி வரைக்கும் எங்க போறது? சந்திக்கு வந்து சேர்ந்ததே பெருசு. என் கடையில, அரிசி மூட்டைக்கு நடுவுலதான் பிள்ள பொறந்துச்சு. இந்தா, இவதான் கையில ஏந்துனா."

கோசலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பளியத் தூக்கிக்கிட்டு எறங்கையில, லயத்த ஒட்டி ஒரு கோச்சி போச்சாம். ஹட்டன் பக்கம்தான். தூக்கிட்டு வந்தவனுங்க நிப்பாட்டச் சொல்லிக் கத்தியிருக்கானுங்க. மழையில யாருக்குக் கேக்கும்? கேட்டாலும், ஸ்டேஷன் இல்லாத எடத்துல அது எப்படி நிக்கும்?"

கடைசி வரிசையில் வினோதா மடியிலிருந்த பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். முதலாளி நிலக்ஷி பக்கம் திரும்பினார்.

"இங்க ஸ்டேஷன் வந்தா என் கடைக்கு யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகும். அது எனக்குத் தெரியாதா மிஸ்? ஆனா மேல உள்ள சனம் அப்பவும் அதே வழியிலதான எறங்கி வரணும்?"

ஜீவராஜ் மெதுவாக உட்கார்ந்தான்.

நிலக்ஷி குரலைத் தாழ்த்தி, "இன்னும் விலையச் சொல்லலையே முதலாளி" என்றாள்.

தங்கவேலு சங்கடத்தோடு பிடரியைத் தடவிக்கொண்டார்.

"வெலையெல்லாம் வேணாம் மிஸ். காணியச் சும்மா குடுக்கிறதுன்னா எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கணும்? அது மட்டும்தான் எனக்குத் தெரியல."