யாருடைய உதவியும் இல்லாமல்

அறிவிப்பில் ஒரே ஒரு வரிதான் பாக்கி.

எழுதாத வரி இல்லை, எழுதிய வரிதான். வைப்பதா எடுப்பதா என்பதுதான் தெரியவில்லை.

'பார்வையற்றவர்கள் இனி யாருடைய உதவியும் இல்லாமல் இதைத் தங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.'

அவள் அதை இன்னொரு முறை கேட்டாள். காதில் மாட்டியிருந்த குரல் வாசித்துக் காட்டியது. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். எழுதியதைக் காதால்தான் சரிபார்ப்பாள்.

ஊருக்கு ஒருவராக இருந்துகொண்டு சிலர் சேர்ந்து செய்யும், கணினியை ஓட வைக்கும் இயங்குதளம் அது. பெயர் ஓடம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். செய்கிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, கிம்பளமும் கிடையாது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அறிவிப்பு எழுதுவது அவள் பொறுப்பு.

போன பதிப்புக்கும் இதே வரியை எழுதினாள்.

சோதித்துப் பார்க்கும்போது, ஹார்ட் டிஸ்க்கில் இடம் பிரித்துக் கொடுக்கும் பக்கம் வந்ததும் குரல் வாயை மூடிக்கொண்டது. என்னென்னவோ தட்டிப் பார்த்தாள். மூச்சுவிடவில்லை. கடைசியில் செல்வினைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று.

செல்வின் அவள் கணவன். தங்கமான மனுஷன். ஆனால் கணினி எதைக் கேட்டாலும் முதலில் 'சரி' என்று அமுக்கிவிடுவான், பிறகுதான் அது என்ன கேட்டது என்று வாசிப்பான். ஒருமுறை அப்படித்தான் அவள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பாட்டெல்லாம் போயிற்று.

அப்போது குழுவில் சொன்னார்கள். 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் ஆயிற்று என்று.

பெரும்பாலும் யாருடைய உதவியும் இல்லாமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. வரியையே தூக்கிவிட்டாள்.

இந்த முறை எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். சொல்வார்கள். கண் தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சோதித்ததை நம்பி அவள் கையெழுத்துப் போடுவதாக இல்லை. முதலிலிருந்து கடைசி வரை தானே நிறுவிப் பார்க்க வேண்டும். அதுவரை அந்த வரி வெளியே போகாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டையே உண்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அறிவிப்பு சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து நிரஞ்சனா கூப்பிட்டாள். வெளியீட்டு வேலையையெல்லாம் கட்டி மேய்ப்பவள்.

"அக்கா, அந்த வரி இருக்கட்டுங்களா, எடுத்தறலாமா?"

"கொஞ்சம் பொறு."

பழைய கணினியில் பென் டிரைவைச் செருகி ஆன் செய்தாள்.

'ஓடத்துக்கு நல்வரவு,' என்றது கணினி. தூக்கத்தில் எழுப்பிவிட்ட கண்டக்டர் மாதிரி ஒரு குரல். இருந்தாலும் தமிழ்.

மொழி கேட்டது. ஊர் கேட்டது. விசைப்பலகை கேட்டது. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தாள்.

ஹார்ட் டிஸ்க்.

குரல் நின்றது.

தெருவில் ஐஸ் வண்டியின் மணி அடித்தது. அடித்துக்கொண்டே தெருமுனை வரை போயிற்று.

போச்சு, என்று நினைத்தாள்.

'இந்தக் கணினியில் ஒரு டிஸ்க் உள்ளது,' என்றது குரல், ஒன்றுமே நடக்காதது போல. 'முழுவதையும் பயன்படுத்தலாமா?'

எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. ஆடவில்லை. இன்னும் பாதி இருக்கிறது.

சத்தம் கேட்டுச் செல்வின் எழுந்து வந்துவிட்டான். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வாசித்துச் சொல்லத் தயாராக உட்கார்ந்தான்.

"ஏட்டி, ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்லயே. இருட்டாக் கெடக்கு."

திரையை அவள் ஆன் செய்யவே இல்லை. எதற்கு?

"சும்மா இருங்க. நான் கேட்டுச் சொல்லுதேன்."

அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. பல் டாக்டரிடம் துணைக்கு வந்தவன் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பும் வந்தது.

பயனர் பெயர் கேட்டது. தட்டினாள்.

கடவுச்சொல் கேட்டது.

இதுவரை நிறுவும்போதெல்லாம் அந்த இடத்தில் அவன்தான் தட்டுவான். "எம்பேரையும் கல்யாணத் தேதியையும் போட்டுட்டேன், மறக்காதுல்லா" என்பான். அப்புறம் அவளே மாற்றிக்கொள்ளலாம்தான். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் மாற்றினால் அவனிடமிருந்து எதையோ ஒளிப்பது போல ஆகிவிடும். அதனால் மாற்றியதில்லை. ஒவ்வொரு நாள் காலையும் அவன் பெயரைத் தட்டித்தான் உள்ளே போனாள்.

குரல் காத்திருந்தது.

அவள் ஒரு சொல்லைத் தட்டினாள்.

நட்சத்திரம். நட்சத்திரம். நட்சத்திரம். எழுத்தைக் காட்டிக்கொடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் அதை மட்டும்தான் சொன்னது குரல்.

'மீண்டும் ஒருமுறை.'

மீண்டும் அதையே தட்டினாள். பொருந்தியது.

"என்னட்டி போட்ட?"

"போட்டாச்சு."

நிறுவி முடித்து, கணினி அணைந்து எழுந்து, அந்தச் சொல்லைக் கேட்டது. கொடுத்தாள். திறந்தது.

வரி இருக்கட்டும் என்று நிரஞ்சனாவுக்குச் செய்தி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வெளியே போயிற்று. யார் யாரோ வாழ்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

செல்வின் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எம்பேரு இல்லயே?"

"இல்ல."

"உங்க அம்ம பேரா?"

"இல்ல."

ராத்திரிச் சாப்பாடு வரை கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.