அந்த ஓர் இருமல்

"முதல்ல அந்த மனுஷனோட இருமலை வெட்டி எறி. மத்ததெல்லாம் அப்புறம்!"

நான் இன்னும் ஒயரைக்கூடச் சொருகவில்லை. அதற்குள் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பின்னறையில் பாட்டுப் பதிவுக்கென்று புதுக் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், சத்தம் வராமல் இருக்க ஜன்னலுக்குப் பழைய கம்பளி. முதல் வேலை அம்மாவின் கேசட்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மாமா ஒரே ஒரு நாளைக்கு டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கி வந்தார். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். ஃபேனை நிறுத்தினோம். குக்கரை இறக்கினோம். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தான். அடடா, என்ன நாள் அது! அம்மா மூன்று தடவை பாடினாள். மூன்று தடவையும் கடைசி அடியில் அப்பா இருமித் தொலைத்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமா கேக்குறேன், ஒரு நிமிஷம் தொண்டையை அடக்க முடியாதா இவருக்கு? எல்லாம் பொறாமை!"

வாசல் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இதை அவர் என்றைக்கும் மறுத்ததில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான், மறைப்பானேன்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹெட்போனை மாட்டினேன். இருமலை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க இப்போது வழி இருக்கிறது. அம்மா மூக்குக்கண்ணாடி எடுக்க எழுந்துபோன நேரத்தில் எடுத்துவிட்டேன்.

கேட்டேன். இருமல் இருந்த இடத்தில் அம்மாவின் குரல் கீச்சென்று உடைந்தது.

இரண்டாவது தடவை பாடியதிலும் அதே அடி, அதே கீச்சு. மூன்றாவதிலும்.

நிமிர்ந்தால் அப்பா பக்கத்தில் நிற்கிறார்.

"அந்த மேல் ஸ்தாயி அவளுக்கு எட்டாதுடா. வீட்ல பாடும்போதே கவனிச்சிருக்கேன். அத்தனை பேர் முன்னாடி யாராவது சிரிச்சுட்டா அப்புறம் அவ பாடவே மாட்டா." குரலைத் தாழ்த்தினார். "இருமலைத் திரும்பப் போட்டுடுடா, கண்ணா."

போட்டுவிட்டேன்.

அம்மா வந்தாள். "போயிடுச்சா?"

"இல்லம்மா. இதால அது முடியல."

"இவ்வளவு பெரிய மெஷினு, ஒரு இருமலை எடுக்கத் துப்பில்லையா? மைக்கை இப்படிக் கொடு. நான் புதுசாவே பாடிடறேன். ஏங்க, நீங்க தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க. வீட்லயே இருக்கக் கூடாது!"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவமாக இருந்தது.

கதவைச் சாத்திவிட்டுப் பதிவை ஓடவிட்டேன். அறுபத்திரண்டு வயதிலும் அம்மா குரல் அப்படி இனித்தது. கட்டிலுக்கடியில் தம்பி கிடப்பது போலவே இருந்தது எனக்கு.

கடைசி அடி வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

நான் பலமாக இருமினேன்.