நான்காவது குஞ்சம்

மருத்துவர் கைவிரித்த அன்றே, எப்ராயிமின் ஜெபச் சால்வையின் நான்கு மூலைக் குஞ்சங்களில் ஒன்றைத் தம்பி யோனா வெட்டிவிட்டான். குஞ்சங்கள் கடவுளின் கட்டளைகளை நினைவூட்டுபவை. செத்தவனுக்குக் கட்டளை ஏது? அப்படி வெட்டிப் போர்த்தித்தான் யூதர்கள் புதைப்பார்கள்.

காலையில் எப்ராயிம் கண்விழித்துவிட்டார். கால்மாட்டில் மடித்திருந்த சால்வையில் மூன்று குஞ்சங்களே இருந்தன.

“யாருடா வெட்டினது?”

“டாக்டர்தான், விடியறவரைக்கும் தாங்காதுன்னாரு, அண்ணே...”

“நூல் கொண்டா.”

வெட்டிய மூலையில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டார். ஏழு சுற்று, ஒரு முடிச்சு. எட்டுச் சுற்று, இன்னொன்று. பதினொன்றில் மூச்சு வாங்கியது. பதின்மூன்றும் சுற்றி, கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

நுனியை நறுக்க யோனா கத்தரிக்கோலை நீட்டினான். அதை வாங்கித் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

“இனிமே இது என்கிட்டயே இருக்கட்டும்.”

சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு காலை ஜெபத்துக்கு எழுந்து நின்றார்.