தட்டிவிட்ட கை

“அண்ணே, சாம்பார்ல போட்ட பெருங்காயத்துல மைதா கலந்திருக்குமா?”

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ஷர்லி கேட்டதும் சர்வர் முழித்தார்.

“யாருக்கும்மா தெரியும்? பரோட்டா போடுற கல்லுலதான் தோசையும் ஊத்துறோம்.”

ஷர்லி எழுந்துவிட்டாள். கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அவள் குடலுக்கு ஆகாது, வாரக்கணக்கில் படுத்துவிடுவாள்.

போனில் அம்மா அதட்டினாள். “வாழப்பழமாச்சும் தின்னுட்டு வாடி. இங்கிட்டு வந்துட்டா ஒங்கண்ணன் பாத்துக்குவான்.”

அதுதான் அவளுக்கும் தெம்பு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு யார் பிஸ்கட் கொடுத்தாலும் பாய்ந்து தட்டிவிடுவான் அண்ணன் பிராங்க்ளின்.

மணமேல்குடியில் இறங்கியபோது ஊரே கோயிலில் கூடியிருந்தது. பூசையில் அப்பம் வாங்கப் போகாமல் வழக்கமாகக் கடைசி பெஞ்சைவிட்டு நகராதவளை இன்று விடவில்லை.

“தங்கச்சிதான் அவரு கையால மொதல்ல வாங்கணும். போ தாயி!” என்று முன்னால் தள்ளினார்கள்.

எதிரே வெள்ளை அங்கியில் பிராங்க்ளின். குருப்பட்டம் வாங்கிச் சொந்த ஊரில் அவன் வைக்கும் முதல் பூசை. கோதுமை அப்பத்தை அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினான்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டிவிடுகிற கைதான் இன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“ஆமென்” என்று ஷர்லி வாயைத் திறந்தாள்.