துண்டுக்கடியில் ஒரு கை

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் வியாபாரி வேஷத்தில் நின்றான் பிராங்க்ளின். உள்ளூர் கேபிள் டிவியில் வாராவாரம் குறும்பு நிகழ்ச்சி நடத்தி ஊரைச் சிரிக்க வைப்பவன்.

லாரிக்குப் பின்னால் காமிரா ஒளிந்திருந்தது. செம்பட்டி நாடக நடிகர் மலைச்சாமி விலை பேச வருவார். சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை காட்டியதும் இவன் அவரை அறைய வேண்டும். அவர் திருப்பி அடிக்க வேண்டும். எல்லாம் போனிலேயே பேசி முடித்த ஏற்பாடு. அடையாளம், பெரிய மீசை.

பெரிய மீசைக்காரர் ஒருவர் வந்தார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தார்.

பளார்!

“ஏலே, யாரு மேல கைய வைக்கிற?”

வயிற்றில் விழுந்த உதையில் பிராங்க்ளின் ஆட்டுப் புழுக்கையில் உருண்டான்.

“பிரமாதம்ணே! இன்னும் ஓங்கி அடிங்க, காமிராவுல தெரியணும்” என்று கிசுகிசுத்தான்.

ஓங்கி அடித்தார். முன்பல் தெறித்தது. கூட வந்த இருவரும் சேர்ந்து மிதித்தார்கள்.

‘இம்புட்டுப் பேருக்கா பேசினோம்?’

வாயெல்லாம் ரத்தம் வழிய, கையெடுத்துக் கும்பிட்டான். “போதும் மலைச்சாமியண்ணே... கட்!”

ஒட்டு மீசையை அழுத்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கி ஒருவர் ஓடிவந்தார்.

“இந்தா வந்துட்டேன் தம்பி! மலைச்சாமி நாந்தான். பஸ்ஸு பஞ்சராயிருச்சு. ம்... அறைங்க, ஆரம்பிப்போம்.”