ஒற்றைப் பறவையிடம் ஒரு விசாரிப்பு

"உன் பூட்ஸ் போடுற சத்தத்துக்கு ஸ்காட்லாந்து வரைக்கும் ஒரு மான் நிக்காதுடா," என்றார் நார்மன்.

வில்ஃப் குனிந்த தலையோடு முன்னால் நடந்தார். வழக்கமாக இரண்டு வசவாவது திரும்பி வரும்.

தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு அந்தப் பழைய ரயில் பாதை மரங்களுக்குச் சொந்தமாகிவிட்டது. இரு பக்கமும் உயர்ந்த பீச் மரங்களின் இலைகள் தாமிர நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன.

பாலத்தடியில் ஒரு நரி ஓடியது. நார்மன் கை நீட்டிக் காட்டினார். வில்ஃப் பார்த்தார், தலையசைத்தார், நடந்தார்.

வில்ஃபின் மனைவி ஈனிட்டை அடக்கம் செய்த பிறகு இருவரும் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் வீடு திரும்பினால், தேநீரை ஊற்றிக்கொண்டே, "இன்னைக்கு என்ன கண்ணுல பட்டுது?" என்று கேட்பாள் ஈனிட்.

அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார் நார்மன்.

ஊரும் அப்படித்தான் இருந்தது. அனுதாப அட்டைகள் வில்ஃப் வீட்டுக் கதவிடுக்கு வழியாக வந்து விழுந்தன. யாரோ வாசலில் சூப்பை வைத்துவிட்டு மணியடிக்காமல் போனார்கள். தெருவில் பார்த்தவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். அவரை அழவைத்துவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் கவலை. அங்கே அதற்குப் பெயர் மரியாதை.

ஆகவே நார்மன் காளானைப் பற்றிப் பேசினார். மரங்கொத்தியைப் பற்றிப் பேசினார். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பழைய நடைமேடையின் விளிம்பில், பாசி படர்ந்த கல்லின்மேல், ஒரு மேக்பை பறவை நின்றது. கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு, தனியாக.

தனி மேக்பையைக் கண்டால் துக்கம் வரும் என்பார்கள். அதன் ஜோடி பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது என்பதுபோல தொப்பியை எடுத்து, அதனிடமே மரியாதையாக நலம் விசாரித்துவிட்டால் துக்கம் விலகிப் போகும். பிள்ளைப் பிராயத்திலிருந்து பழகிய வழக்கம். நார்மனின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. வாய் தானாகத் திறந்தது.

"வணக்கம் ஐயா. வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

எடுத்த தொப்பி அந்தரத்தில் நின்றது.

பறவை தலையைச் சாய்த்துப் பார்த்தது. பறக்கவில்லை.

வில்ஃபும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஓர் இலை வந்து விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

பிறகு தன் தொப்பியைக் கழற்றினார்.

"போயிட்டா," என்றார். "தூக்கத்துலயே. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். எனக்குத் தெரியல."

நார்மன் தன் தொப்பியை நெஞ்சோடு இறக்கிப் பிடித்தார்.

"கேட்டதுக்கு நன்றி," என்றார் வில்ஃப், பறவையிடமிருந்து கண்ணை எடுக்காமலே. "இதுவரைக்கும் யாரும் கேக்கல."