கீழ் மூலையில் ஒரு படகு

"ப்ரைஸ் உனக்கு என்னய்யா குடுத்தான்?"

உள்ளே நுழைந்த கேப்டன் தோர்ன்பி, வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஓவியர் சைலஸ் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கேப்டன் ப்ரைஸா? ஒண்ணும் குடுக்கலீங்களே, ஐயா."

"அப்ப படத்துல அவன் கப்பல் மட்டும் ஏன் கோட்டையை ஒட்டி நிக்குது? என் கப்பல் ஏன் பின்னால நிக்குது?"

கூட வந்த மனைவி ஆக்னஸுக்கு வெட்கமாக இருந்தது. அவரோடு எங்கே போனாலும் இதே கதைதான். வீட்டில் சமையல்காரி உப்பை அதிகமாகப் போட்டுவிட்டால்கூட அவருக்கு அதில் ஒரு சதி தெரியும்.

போன வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் தீவுக் கோட்டையை ஆங்கிலேயக் கப்பல்கள் அடித்துப் பிடித்தன. அந்தச் சண்டையைத்தான் சைலஸ் பெரிய துணியில் வரைந்துகொண்டிருந்தார். லண்டனில், கடற்படைத் தலைமையகத்தில் மாட்டப் போகிறார்கள். படத்தில் எவன் கப்பல் முன்னால் நிற்கிறதோ, அவன்தான் பதவி உயர்விலும் முன்னால் நிற்பான் என்று ஊரெல்லாம் பேச்சு.

ஆக்னஸ் வந்தது அதற்காக இல்லை. அவளுடைய தம்பி ஜாஸ்பர் அந்தச் சண்டையில்தான் செத்துப்போனான். கணவரின் கப்பலிலேயே லெப்டினன்டாக இருந்தவன். கோட்டை வாசலில், கையில் கொடியோடு விழுந்தான் என்று தோர்ன்பிதான் கடிதம் எழுதியிருந்தார். அழும்போதெல்லாம் அந்த வரியை எடுத்துப் படித்துத்தான் அவள் மனதைத் தேற்றிக்கொள்வாள். அந்த வாசலைப் படத்திலாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

"நீங்க எல்லாரும் அனுப்பின கப்பல் குறிப்பைப் பார்த்துத்தான் போட்டேனுங்க. காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, யாரு எங்க நின்னாங்க, எல்லாம் அதுல இருக்கு."

"ப்ரைஸ் எழுதினது பச்சைப் பொய்! சரி, அதோ உத்தரத்துல தொங்குதே பன்னித் தொடை, அது யார் அனுப்பினது?"

"என் மச்சான் கொண்டாந்ததுங்க. பன்னி வளர்க்கிறான்."

"மச்சானாம், மச்சான்!"

"என்னங்க, விடுங்களேன்," என்றாள் ஆக்னஸ்.

"நீ சும்மா இரு. இவனுங்களைப் பத்தி உனக்குத் தெரியாது."

அவள் படத்தின் அருகே போனாள். புகைக்கு நடுவே, கட்டைவிரல் நகம் அளவுக்குக் கோட்டை வாசல். அங்கே ஆள் யாரும் இல்லை. மனசு கேட்காமல் இன்னும் கிட்டே குனிந்து தேடினாள்.

கணவரின் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

தோர்ன்பி படத்தின் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலைக்கு நடுவே ஒரு துடுப்புப் படகு. அதில் ஏழெட்டுப் பேர். ஒருவன் எழுந்து நின்று கப்பலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான்.

"இதை யார் வந்து சொன்னா?" குரல் இறங்கியிருந்தது.

"எதைங்க?"

"நடிக்காதே! இந்தப் படகைப் பத்தி யார் சொன்னா? சுக்கான் பிடிச்ச டாபின்ஸா?"

"டாபின்ஸ்னு யாரையும் எனக்கு..."

"கேளுய்யா. காத்து மாறிடுச்சு. கோட்டையிலேர்ந்து குண்டு மழையாக் கொட்டுது. அந்தப் படகுக்காகத் திரும்பியிருந்தா என் கப்பலே போயிருக்கும்! ஜாஸ்பர் கையாட்டினதைப் பார்த்தது நானும் டாபின்ஸும் மட்டும்தான். அவன் இங்க வந்து உளறினானா, இல்லையா?"

சைலஸ் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"யாரும் வரலீங்க, ஐயா. முன்னால வெறும் தண்ணியா விட்டா படம் வெறிச்சுனு இருக்கும். கப்பல் எவ்வளவு பெரிசுன்னும் தெரியாது. அதனால எந்தச் சண்டையை வரைஞ்சாலும் கீழ ஒரு படகு போட்டுடறது எங்க வழக்கம். சுவத்துல பாருங்களேன்."

சுவரில் ஆறேழு படங்கள் இருந்தன. வேறு வேறு கடல், வேறு வேறு சண்டை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு படகு. ஒவ்வொரு படகிலும் ஒருவன் கையாட்டிக்கொண்டிருந்தான்.

"அட, இவ்வளவுதானா!" தோர்ன்பி வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு நிமிஷம் கதிகலங்க வெச்சுட்டியேய்யா. சரி சரி, படகு இருந்துட்டுப் போகட்டும். ஆனா ப்ரைஸ் கப்பலை மட்டும்..."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் அப்படியே நின்றார்.

ஆக்னஸ் சுவரைப் பார்க்கவே இல்லை. மூலையில் இருந்த அந்தப் படகிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"எவ்வளவு நேரங்க கையாட்டினான்?"